கசங்காத சவ்வு

சூட்டில் ஓயாமல் நடுங்கும் மெல்லிய சவ்வு கடைசியில் கசங்கிப் பந்தாகுமா, விரிந்தபடியே நிற்குமா? பேராசிரியருக்கு அந்தக் காலத்தில் சோறு தண்ணி எல்லாமே இந்தக் கேள்விதான். அதைக் கணினியில் ஓட்டிப் பார்க்க புரோகிராம் எழுதியவன் அவர் மனைவியின் தம்பி.

ஒரே ஒரு விதியால் வேலை ஆமையாய் நகர்ந்தது. சவ்வின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் புகுந்து போகக்கூடாது. ஒவ்வொரு அசைவுக்கும் கணினி அதைச் சரிபார்க்க வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டிய மாநாட்டுத் தேதியோ கழுத்தை நெரித்தது.

"அந்த விதியத் தூக்கிடு. பறக்கும்" என்றார் பேராசிரியர்.

"அத்தான், நிஜச் சவ்வு தன்னையே துளைச்சிட்டுப் போகுமா? இடிச்சுக்கும்ல? அத எடுத்தா கசங்கத்தான் செய்யும். நாமளே கசக்கிட்டு, ஐயோ கசங்கிடுச்சேன்னு சொல்ற மாதிரி."

சுற்றி நின்ற அவருடைய மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சுருக்கென்றது.

"உங்கக்கா கெஞ்சினாளேன்னு சேத்துக்கிட்டேன். சொன்னத எழுது. எனக்குப் பாடம் எடுக்காத."

மச்சான் விதியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டான். திரையில் சவ்வு அழகாகக் கசங்கியது. மாநாட்டில் கைதட்டல் அடங்க நேரமானது.

வருடங்கள் ஓடின. வேகமான கணினிகள் வந்தன. வேறு யாரோ அந்த விதியை நீக்காமல் ஓட்டிப் பார்த்து, சவ்வு கசங்கவில்லை என்று எழுதினார்கள். நம்பாமல் அவரே ஓட்டினார். மேடும் பள்ளமுமாய் நடுங்கியதே தவிர, சவ்வு பந்தாகவேயில்லை.

மனைவியிடம் சொன்னார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்கிட்ட எதுக்கு? அவங்கிட்ட போய்ச் சொல்லுங்க."

மச்சான் ஒரு பேருந்து நிறுவனத்தில் டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருளைக் கவனித்துக்கொண்டிருந்தான். தேடி வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தான்.

"நீ சொன்னதுதாண்டா சரி. கசங்கல."

"எது அத்தான்?"

விளக்கினார். அவன் யோசித்துப் பார்த்துச் சிரித்தான். "சவ்வெல்லாம் மறந்தே போச்சு. அக்கா கெஞ்சினான்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் ஞாபகம் இருக்கு. அவ கெஞ்சவே இல்ல. நான்தான் ஆசப்பட்டு வந்தேன்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "திரும்ப வந்துடேன்" என்றார், குரல் இறங்கி.

"இல்ல அத்தான், இங்க பழகிடுச்சு."

அவன் குரலில் துளி கோபமில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அந்த வாரமே தன் பழைய முடிவு தவறென்று ஆய்விதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்பினார்; முதலில் சரியாகச் சொன்னவன் யார் என்பதையும் எழுதினார். அச்சில் வந்ததும் அக்கா அதைத் தம்பிக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து, "பாத்தேன்க்கா" என்று மட்டும் பதில் வந்தது.