பக்கத்து வீட்டு அண்ணன்

சமூகப்பணித் துறையில் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த அறையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. எடுத்த தலைப்புதான் பெயர். "தற்கொலை இன்னும் வரலையா?" என்று யாராவது கேட்பார்கள். "கீழ டீ குடிச்சிட்டிருக்கு" என்று பதில் வரும். கைதிகளின் குடும்பங்களை ஆராய்கிறவர் ஜெயிலர். முதியோர் இல்லங்களை எடுத்துக்கொண்ட பெண், கல்யாணம்கூட ஆகாதவள், கிழவி. அறிவுத்திறன் குறைபாட்டோடு பிறந்தவர்களை, பெற்றோர் காலத்துக்குப் பிறகு அவர்களுடைய உடன்பிறந்தவர்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறார்களா என்பது கிழவிக்கு அடுத்த மேசையில் இருந்த அவளுடைய தலைப்பு. அவளைக் கூடப்பிறப்பு என்றார்கள். கூப்பிடும்போதெல்லாம் எல்லாரையும் போல அவளும் சிரித்தாள்.

சேர்ந்த புதிதில் ஒவ்வொருவரும் எழுந்து, இந்தத் தலைப்பை ஏன் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியை. ஜெயிலர்தான் முதலில் எழுந்தார். "எங்கப்பா உள்ள இருந்தாரு மேடம். பாக்கப் போற அன்னைக்கு அம்மா எனக்கு ஸ்கூல் யூனிஃபார்ம்தான் போட்டு விடுவாங்க. இருந்த நல்ல சட்டை அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, ஏதோ பேருந்து தாமதமானதைச் சொன்னவர் போல உட்கார்ந்துகொண்டார். அடுத்தது அவள். அண்ணன் என்ற சொல் தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்துவிட்டது. திரும்பி அதை விழுங்க முடியவில்லை. அதனால் அதற்கு முன்னால் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொண்டாள். "பக்கத்து வீட்ல ஒரு அண்ணன் இருந்தாரு மேடம். அவரோட தங்கச்சிய நெனச்சுத்தான்."

அதை ஏன் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. பள்ளியில் படித்தபோது தோழிகள் யாரையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. பழக்க தோஷம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு, தனியாக இருக்காது. ஆய்வுமுறை அத்தியாயத்தில், தன் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லாததால் விருப்பு வெறுப்பில்லாமல் காது கொடுக்க முடிகிறது என்று எழுத வேண்டியிருந்தது. பேராசிரியை அந்த வரியின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் ஆண்டில், ஒரு காலையில் அம்மா அழைத்தாள். சுற்றி வளைத்து வெயிலைப் பற்றியும் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசிவிட்டு, "கர்ப்பப்பைய எடுத்துடணும்னு சொல்றாங்க. அங்க உன் ஊர்ப் பக்கம்தான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அங்கயே எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன நீ கொஞ்ச நாள் வச்சுக்கிறியா பாப்பா? உனக்கு வேலை இருந்தா சொல்லு, வேற யாரையாவது கேட்டுப் பாக்கறேன்" என்றாள். வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. அவளுடைய நேர்காணலில் ஒரு கேள்வி உண்டு: அம்மாவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? பதில் வருவதற்கு முன் மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் கவனமாகக் குறித்துக்கொள்வாள். இப்போது தொலைபேசியில் தன்னுடைய இடைவெளியை அவளே கேட்டாள்.

"கூட்டிட்டு வாம்மா" என்றாள்.

அண்ணன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். ஆறடி ஆள், முன்நெற்றியில் நரை. சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பையை நெஞ்சோடு அணைத்தபடி மாடிப்படி ஏறி வந்தவன், அவளைப் பார்த்ததும் கட்டடமே அதிரும்படி, "பாப்பா!" என்று கத்தினான். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவளை அப்படிக் கூப்பிட உலகத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருத்தி மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில் பச்சை அங்கி போட்டுப் படுத்துக்கொண்டாள். மற்றவன் அவளுடைய ஒற்றை அறையில் துணிகளை எல்லாம் எடுத்து மடித்து, மடித்ததைக் கலைத்து, மறுபடி மடித்து, "பாப்பா, நான் வேலை செய்யறேன் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பார்த்தேன் என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். அவனை வைத்துக்கொள்வது அவள் பயந்த அளவுக்குச் சிரமமாக இல்லை. அதுவே அவளுக்கு உறுத்தியது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்கு அடுத்த நாள் அவளுக்கு ஒரு நேர்காணல் இருந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கும் பெண், பல முறை மறுத்து, கடைசியில் மதிய இடைவேளையில் வரச் சொல்லியிருந்தாள். தள்ளிப்போட்டால் கைநழுவிவிடும். அண்ணனைத் தனியாக விடவும் முடியாது. அந்தப் பெண் இப்படிப் பிறந்தவர்களின் பெற்றோர் சங்கத்தில் இருக்கிறவள், அதே சங்கத்துக் கூட்டங்களில் பேராசிரியையும் பேசுவார். பொய் வெளியே வர ஒரு வார்த்தை போதும்.

பல் மருத்துவமனை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணா, உள்ள போனா என்னப் பாப்பான்னு கூப்பிடக் கூடாது. மேடம்னு கூப்பிடணும். சரியா?"

"ஏன் பாப்பா?"

"சும்மா. வெளையாட்டு. எங்க, சொல்லு பாப்போம்."

"மேடம்."

"இன்னொரு தடவ."

"மேடம்!" என்றான், பாடம் ஒப்பித்துவிட்ட பிள்ளையின் பெருமையோடு. "சமத்து" என்று அவன் தோளைத் தட்டினாள். கதவு திறந்துவிட்டது.

காத்திருப்பு அறையில் விளக்குகளைப் பாதி அணைத்திருந்தார்கள். கிராம்பும் டெட்டாலும் கலந்த வாசம். சுவரில், ஈறு கிழித்துக் காட்டிய பெரிய பல் ஒன்று படமாகத் தொங்கியது. வரவேற்புப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில், இரட்டைப் பின்னல் போட்ட, ஐம்பதை நெருங்கும் ஒருத்தி உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். "எங்கக்கா" என்றாள் வரவேற்புப் பெண், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட குரலில். "வீட்ல ஆள் இல்ல, அதான் இங்கயே ட்யூட்டி." பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவன் கழுத்துப் பொத்தானையும், பையை அணைத்திருந்த விதத்தையும் பார்த்தாள். பார்த்துப் பழகிய கண்கள். முகம் இளகியது.

"உங்க அண்ணனா?"

அந்தக் கேள்வியில் ஆசை இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாயா என்ற ஆசை.

"இல்லைங்க. தெரிஞ்சவங்க வீட்டுப் பிள்ள. அவங்கம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, அதான்."

"ஐயோ, எவ்ளோ நல்ல மனசு உங்களுக்கு! சொந்தக்காரங்களே எட்டிப் பாக்க மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண். அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் எங்க ஒக்காரணும் மேடம்?" என்று கேட்டான்.

பேட்டி அருமையாக வந்தது. அத்தனை பேட்டிகளில் அப்படி ஒன்று அமைந்ததில்லை. அந்தப் பெண் முதலில் தயங்கினாள், பிறகு அக்காவின் பக்கம் பார்க்காமல் பேசினாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூட முடிக்காமல் எழுந்துபோனதைச் சொன்னாள். "கோவம் வரும்ங்க. அவ மேல இல்ல, யார் மேலன்னு தெரியாது. குளிக்க வைக்கும்போது சோப்ப ரொம்ப அழுத்தித் தேச்சுடுவேன். அப்புறம் நானே அழுவேன். அவ என் கண்ணத் தொடச்சு விடுவா." மேசை மேல் இருந்த சீட்டுகளை அடுக்கினாள். "எனக்கு முன்னாடி அவ போயிடணும்னு சாமிகிட்ட கேப்பேன். கூடப் பொறந்தவ கேக்கற வரமா இது? நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

புரியும் என்று சொல்ல வாயெடுத்தாள். பதிவுக் கருவியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்" என்றாள். அதுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வாக்கியம். மூலையில், இரட்டைப் பின்னல்காரி பத்திரிகையை அண்ணனிடம் நீட்டினாள். அவன் வாங்கி நேராகத் திருப்பி அவளிடமே கொடுத்தான்.

மாலையில் பேராசிரியை அழைத்தார். சோப்பைப் பற்றிய வரியைப் படித்துக் காட்டினாள். "இதுதாம்மா டேட்டா!" என்று பூரித்துப்போனார். "ஒரு மனுஷி இந்த அளவுக்கு மனசத் தொறக்கறான்னா, உன் மேல அவளுக்கு எவ்ளோ நம்பிக்கை வந்திருக்கணும்." அவள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். தரையில் அண்ணன் துணி மடித்துக்கொண்டிருந்தான். "அண்ணா, சாப்பிடலாமா?" என்றாள்.

"சாப்பிடலாம் மேடம்."

சிரித்தாள். "வெளையாட்டு முடிஞ்சிடுச்சுண்ணா. பாப்பான்னே கூப்பிடு."

"சரி மேடம்."

விளையாடுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு விளையாடத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மெதுவாக ஏறும், ஏறியது இறங்காது. பல் தேய்க்கவும் செருப்பை வலது இடது பார்த்துப் போடவும் அம்மா அவனுக்கு வருஷக் கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இது மட்டும் ஒரே மதியத்தில் ஏறிவிட்டது. அவன் தட்டில் சாப்பாட்டைப் போட்டாள். "போதும் மேடம்" என்றான். முன்னெல்லாம் தட்டை நீட்டி இன்னும் கேட்பவன். மடித்த துணியைக் காட்டி, பாத்தியா என்று அன்றைக்கு அவன் கேட்கவும் இல்லை.

மறுநாள் பார்வை நேரத்துக்கு இருவரும் போனார்கள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அண்ணனைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். அவன் குனிந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தான். தையல் இழுத்திருக்க வேண்டும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அவன் தலையைத் தடவினாள்.

"பாப்பா உன்ன நல்லாப் பாத்துக்கிறாளாடா?"

அவன் நிமிர்ந்தான். யோசித்தான். வார்டில் மற்றக் கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"பாப்பா இல்லம்மா. மேடம் இருக்காங்க. சாப்பாடு போட்டாங்க."

அம்மா அவளைப் பார்த்தாள். கோபமான பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். கணக்கு வாத்தியார் தப்பான விடையிலிருந்து பின்னால் போய், எந்த வரியில் பிசகியது என்று தேடுவதைப் போல, அம்மாவின் கண்கள் மெதுவாகப் பின்னால் போயின. எங்கோ நின்றன. பிறகு அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, "என் பொண்ணு காலேஜ்ல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறா இல்ல? எல்லாரும் மேடம்னுதான் கூப்பிடுவாங்க. அதப் பாத்து இவனும் ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததும் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா..." என்றாள் அவள்.

"அப்புறம் பேசிக்கலாம். அவனுக்குப் பசிக்கும். வெயிலுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போ."

வெளியே சாலை இரைந்துகொண்டிருந்தது. சிக்னலுக்காக ஓரத்தில் கூட்டம் நின்றது. ஜெயிலருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். பேராசிரியையின் அறைக்கு நேராகப் போய் நிற்கலாமா என்றும் நினைத்தாள். முதல் வாக்கியமே வரவில்லை. விளக்கு மாறி வண்டிகள் நின்றன. ஜனங்கள் இறங்கி நடந்தார்கள். அண்ணன் நடைபாதை விளிம்பிலேயே, பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

"அண்ணா, நான் பாப்பா" என்று கையை நீட்டினாள். "கையப் பிடிச்சுக்கோ."

அவன் அந்தக் கையைப் பார்த்தான். தொடக் கூடாது என்று அம்மா சொல்லிக் கூட்டிப்போகும் கடைகளில், கண்ணாடிப் பாத்திரங்களை அவன் அப்படித்தான் பார்ப்பான். தாண்டுகிறவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள். முன்வரிசையில் ஒரு லாரி உறும ஆரம்பித்தது. அவள் கையை மடக்கவில்லை. அவன் பையை ஒரு கைக்கு மாற்றினான், மற்றக் கையைச் சட்டையில் துடைத்தான், துடைத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.