கோமளம் தொடாத பாட்டில்

1

பெங்களூரு ஜோகுபாளையத்துப் பால் பூத்தில், போன செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டுக் கோமளம் கொட்டிய கோபம்தான் இந்தக் கதை. அவள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்பந்த உதவியாளர்.

2

(நான் எழுதிக் கைவிட்ட தொடக்கம்: "கண்ணாடிக்குள் ஒரு காடு மெல்ல..." யார் பார்த்தது? துகள்கள் கண்ணுக்கே தெரியாது!)

நேராகச் சொல்கிறேன். பாட்டில் நீரில் அலையும், மணலில் இருக்கும் அதே சிலிக்காவின் நுண்துகள்கள் மோதிய இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கொத்தோடு கொத்து சேரும். உள்ளே நுழையப் பார்க்கும் துகளை வெளிக்கிளையே பிடித்துக்கொள்ளும். அதனால் நடுவெல்லாம் ஓட்டை, கிளைக்குள் கிளை, சின்னக் கிளை பெரியதன் அதே சாயல். ஒரு கொத்து பாட்டிலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை எட்டிவிட்டால், மொத்தமும் உறைந்துவிடும். கவிழ்த்தாலும் கொட்டாது.

அதுவரை அசைக்கக் கூடாது.

3

விஞ்ஞானி ஸ்ரீஹர்ஷா அசைத்தார். விருந்தினர் வந்தபோதெல்லாம் பாட்டில்களை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். பதினொன்றில் ஒன்றுகூடக் குறித்த நேரத்தில் உறையவில்லை.

"பாட்டிலைச் சரியா கழுவலையா, கோமளம்?" எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"சும்மனே என் மேல போடாதீங்க சார். தயிர் உறையறப்ப யாராவது ஆட்டுவாங்களா? கிளையெல்லாம் அறுந்துடாதா?"

"கிளையா? உனக்கு யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் சார். விசிட்டர்ஸுக்குச் சொல்றப்ப நானும் அங்கதான நின்னுட்டிருந்தேன்!"

ஒப்பந்தத்தை நீட்டிக்கும் தாளில் 'கவனக்குறைவு' என்று எழுதப்போகிறாராம். எழுதினால் வேலை போச்சு. வருகிற திங்கட்கிழமை கையெழுத்து.

(இந்தக் கதையைக் கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்: "அந்தம்மா கொஞ்சம் அழட்டுமே?" கோமளம் அழவில்லை. நான் அழவைக்க மாட்டேன்.)

4

ஒன்று உடைந்தால் உதவட்டும் என்று எப்போதும் ஒரு பாட்டில் கூடுதலாக ஊற்றி வைப்பது அவள் வழக்கம். அதே கரைசல், அதே கை கழுவியது. அந்தப் பன்னிரண்டாவது பாட்டில் மேல்தட்டில், யாரும் தொடாமல் இருக்கிறது. அது உறைந்திருந்தால், தவறு கழுவியதில் இல்லை.

நான் எழுதிப் பார்த்த முடிவு ஒன்று: கவிழ்க்கிறாள், கொட்டவில்லை, ஸ்ரீஹர்ஷா மன்னிப்பு... நானே நம்பவில்லை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கொட்டுகிறது, அவள்... முடியாது. எனக்குக் கை வரவில்லை.

"கோமளம், நீயாவது ஒரு தடவை கவுத்துப் பாத்தியா?" என்று கேட்டேன்.

முறைத்தாள். "திங்கக்கெழம, அவர் கண்ணு முன்னாடிதான். அதுக்குள்ள கைய வச்சா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

நானோ அந்தத் திங்கட்கிழமையை இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். இனித் தொட மாட்டேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் நீங்கள் இருந்தால், பாட்டிலை யார் கழுவியது என்று கேட்காதீர்கள். யார் ஆட்டியது என்று கேளுங்கள். உரக்கக் கேளுங்கள்.