களைக்கொல்லி டப்பாவின் மேல் ஒரு பூ

...அசிங்கமாக வரைய வேண்டுமாம், காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டார் மேலாளர், களைக்கொல்லி டப்பாவில் அச்சாகப்போகிற படமாம், பார்க்கிறவனுக்குப் பற்றிக்கொண்டு வர வேண்டுமாம், "என்னம்மா இது, வாங்குறவன் இதைக் கொல்லணுமா, கொஞ்சணுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது, மதியத்துக்குள் அவருக்குப் பிடித்த மாதிரி படம் போனால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு... சரி, என்ன பாவம் செய்தது இந்த டான்டிலியன் செடி? அலுவலக வாசற்படி இடுக்கிலிருந்து நான் தோண்டி வந்தது, தண்ணீர்க் குவளையில் சாய்ந்து நிற்கிறது, ஒரு தண்டில் மஞ்சள் பூ, இன்னொன்றில் ஊதினால் பறந்துவிடும் வெள்ளைப் பஞ்சு உருண்டை. நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தீட்ட முடியாது, தாளை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றிலும் நிழலைத் தீட்ட வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் விட்டுவைத்த வெள்ளை அது, அதில் போய்ப் பழுப்பை அப்பு என்கிறாரே இந்த மனுஷன்!

களை. யார் வைத்த பெயர்? கல்லூரியில் எனக்கும் அந்தப் பெயர்தானே, கீழே புல்வெளியில் அங்கேயே தோட்டக்காரராக இருந்த அப்பா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பார், நான் இரண்டாம் மாடியில் தாவரவியல் படித்துக்கொண்டிருப்பேன், "ஏய் களை, உங்கப்பா உன் சொந்தக்காரங்க எல்லாரையும் பிடுங்குறாரு பாரு" என்று ஜன்னலோரம் ஒரு கூட்டமே சிரிக்கும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், வாங்கி என்ன, ஒரு பூவை அசிங்கமாக்கத் தெரிய வேண்டுமாம்.

"முடிஞ்சுதாம்மா?" முதுகுக்குப் பின்னால் மேலாளர். "இன்னும் இல்ல சார். முடிஞ்சாலும் இப்படித்தான் இருக்கும்." "வேலை வேணுமா வேண்டாமா?" "வேணும் சார். பழுப்பு பூச மாட்டேன்." நின்றார், போனார், அவர் கதவை அறைந்த வேகத்தில் பஞ்சில் இரண்டு இழை பறந்தது... பறக்கட்டும், எங்காவது முளைக்கும்.

இனி வேர். அதை முழுசாக வரைவேன், டப்பா அளவுக்குப் பென்சிலால் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டிக் கீழே போனாலும் சரி, வெட்டுகிறவன் வெட்டிக்கொள்ளட்டும். ஆனால் குவளையில் இருப்பதன் வேர் பாதியில் ஒடிந்திருக்கிறது, நான் தோண்டிய லட்சணம், மிச்சம் வாசற்படிக்கடியில், கொஞ்ச நாளில் மறுபடி தலைநீட்டும்... அப்பா பிடுங்கிப் போட்ட குவியலிலும் எல்லாம் இப்படித்தான், ஒன்றில்கூட முழு வேர் இருந்ததில்லை, முதலாண்டுத் திமிரில் அவருக்கே பாடம் நடத்தினேன், "வேரோட எடுக்கணும்ப்பா, இல்லன்னா திரும்ப வரும்." நிமிராமலே "தெரியும்மா" என்றார். தெரியாததை மறைக்கிறார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்... முப்பது வருஷம் மண்ணில் கை வைத்தவருக்குத் தெரியாமலா? தெரிந்தேதான் விட்டாரா? அடுத்த வாரமும் வேலை இருக்க வேண்டுமே என்றா, இல்லை, அதுவும் பிழைத்துப் போகட்டும் என்றா... தூரிகை வேரின் ஒடிந்த நுனியில் நிற்கிறது, அதற்குக் கீழே தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.