கயிறு டாக்டர் காற்று வாங்கிய கதை

பல் டாக்டருக்குக் 'கயிறு' என்று பெயர் விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வைத்தவர் வெளியாள் இல்லை, சொந்த மச்சான். மனைவியின் அண்ணன். மெத்தைக் கடை வைத்திருக்கிறார். மெத்தை விற்பவர் நாக்கும் மெத்தென்று இருக்கும் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு.

மச்சானும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுப் பக்கம் போவார்கள். போன வருஷம் டாக்டரும் ஆசைப்பட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு கூடவே போனார். மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து மணல்மேல் நடக்கும். விறைப்பாக இருந்தால் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். மற்றவர்கள் திறந்துவிட்டார்கள். டாக்டர் மாட்டேன் என்றுவிட்டார். திரும்பக் காற்றடிக்க அவரிடம் கம்ப்ரெஸர் இல்லை, மச்சானிடம் போய் நிற்க மனசும் இல்லை. வீம்பு. அந்த வீம்போடு இறங்கிய ஜீப்பை ஒரே நாளில் ஏழு தடவை கயிறு கட்டி இழுத்தார்கள். நாலாவது தடவை கயிறே அறுந்துபோய் வேறு கயிறு தேடினார்கள்.

பெயர் அன்றைக்கு மாலையே விழுந்துவிட்டது. அதற்குமுன் வாய் நிறைய "மாப்ள" என்று கூப்பிட்ட மனிதர், "கயிறு, காபி குடிக்கறியா?" என்று கேட்க ஆரம்பித்தார். அதைக்கூட டாக்டர் பொறுத்துக்கொண்டார். ஆனால் மச்சான் கடைக்கு வருகிறவர்களிடமும் "நம்ம கயிறு டாக்டர்" என்றே பேசப்போக, அது வாய்க்கு வாய் வேறு மாதிரி திரிந்துவிட்டது.

ஒருநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், சுற்றும் முற்றும் பார்த்தார். மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கயிறை எங்க வச்சிருக்கீங்க டாக்டர்? பயப்படுவோம்னு மறைச்சு வச்சிருக்கீங்களா?"

பல்லில் கயிற்றைக் கட்டி, கதவில் மாட்டி இழுக்கிற டாக்டர் என்று ஊரே நம்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நோயாளிகள் ஏன் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதும் தெரிந்தது. அந்தப் பெண்மணியும் கைப்பையை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த வாரம் வந்தது, அவர் வரவில்லை.

டாக்டர் நேராக மெத்தைக் கடைக்குப் போய், விளையாட்டு போதும், இது வயிற்றுப் பிழைப்பு என்று எடுத்துச் சொன்னார். மச்சான் புது மெத்தை ஒன்றில் சாய்ந்தபடியே கேட்டுக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவை கயிறு கட்டாம மணலை விட்டு வெளிய வந்து காட்டு. அன்னிக்கே பேரை மாத்திடறேன்."

ஆக, கம்ப்ரெஸர் வாங்கியே தீர வேண்டும். டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். சாப்பிடும்போது கம்ப்ரெஸர், படுக்கும்போது கம்ப்ரெஸர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் இன்னொருவர் கணக்குப் போடுவதை அவரால் சகிக்க முடியவில்லை. சனிக்கிழமை காலையில் டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்றபோது, உலாத்தத்தான் போகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். மனிதர் உண்மையிலேயே காற்று வாங்கத்தான் போகிறார் என்று யாருக்குத் தெரியும்?

டயர் கடைக்காரர் மூன்று கம்ப்ரெஸர்களை எடுத்து வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற சார்ஜ் போடும் குட்டி ஒன்று. இரட்டை சிலிண்டர் வைத்து, நேரே பேட்டரியில் கவ்வ வைக்கிற ஒன்று. லாரிக்காரர்கள் வாங்குகிற பெரிசு ஒன்று. எதில் எவ்வளவு அழுத்தம் என்று அவர் ஒப்பித்துக்கொண்டே போக, டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். ஒவ்வொன்றாக ஓடவிடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பாட்டுக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்.

அவர் தொழில் அப்படி. பல் டாக்டரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, பல் குடைகிற சத்தத்துக்குத்தான் பயம். க்ளினிக்கில் அந்த மெஷினுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரெஸரைப் பின்கட்டுக்குத் தள்ளி, சுற்றிலும் பஞ்சு அடைத்து, அது மூச்சு விடுவதே கேட்காதபடி பண்ணி வைத்திருக்கிறவர் அவர். சத்தம் போடாத மெஷின்தான் நல்ல மெஷின் என்பது இருபது வருஷத்துப் பழக்கம். எது பூனைக்குட்டி மாதிரி முனகியதோ அதை எடுத்துக்கொண்டார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முடிந்த வியாபாரத்தை எதற்குக் கெடுப்பது என்று விட்டுவிட்டார்.

அன்று மத்தியானமே வாசலில் பரீட்சை நடந்தது. இரண்டு டயரில் முப்பத்திரண்டு பவுண்டிலிருந்து பதினைந்துக்குக் காற்றைக் குறைத்துவிட்டுக் குட்டியை மாட்டினார். டீச்சரம்மா கைக்கடிகாரத்தோடு நின்றார். குட்டி முனகியது, முனகியது, முனகிக்கொண்டே இருந்தது. எட்டு நிமிஷத்தில் சூடேறித் தானாக நின்றது. விசிறி எடுத்து வீசினார்கள். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. முதல் டயர் முடிய இருபத்தாறு நிமிஷம். இரண்டாவது டயரில் பாதியில் சார்ஜ் போய் உயிரை விட்டது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காத்தடிக்க ஆரம்பிச்சீங்கன்னா, திங்கக்கிழமை காலைல வீட்டுக்கு வந்துடலாம்," என்றார் டீச்சரம்மா. "நடுவுல சார்ஜ் போட நாலு மணி நேரம். அதுக்கு மணல்ல யாரு ப்ளக் வச்சிருக்காங்கன்னு கேட்டுக்கங்க."

பிறகு அவரே நோட்டைப் பிடுங்கி, கணவர் இரண்டு வாரமாக எழுதியதையெல்லாம் ஒரே கோட்டில் அடித்தார். அழுத்தம் எத்தனை என்பது பெருமைக்கு. எல்லா மெஷினுக்கும் அது தேவைக்குமேல் இருக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும், எத்தனை நிமிஷம் ஓடி எத்தனை நிமிஷம் ஓய வேண்டும், குழாய் பின் டயர் வரைக்கும் எட்டுமா, கரன்ட் எங்கிருந்து எடுக்கும், இந்த நாலும்தான் கேள்வி. சிகரெட் லைட்டர் துளையில் சொருகினால் ஃப்யூஸ் போகும், பேட்டரியில்தான் கவ்வ வேண்டும் என்று எழுதி அடிக்கோடு போட்டார். சத்தம் என்கிற வார்த்தையே அந்தப் பக்கத்தில் இல்லை. டாக்டருக்கு உள்ளூர வருத்தம்தான்.

குட்டியைத் திருப்பிக் கொடுத்ததில் பிரச்சினை இல்லை, கடைக்காரர் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இரட்டை சிலிண்டர் அதற்குள் விற்றுப்போய், வேறு ஒன்று வந்து சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பயணம். டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெஷினைக் க்ளினிக்குக்கே வரவழைத்துக்கொண்டார்.

அன்று அதிசயமாக வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். உள்ளே நாற்காலியில் இருந்தவருக்குப் பல்செட் அளவெடுக்க வாய் நிறையப் பசையை அப்பியிருந்தார். அது இறுக நாலு நிமிஷம் ஆகும். நாலு நிமிஷம் என்ன கொஞ்ச நேரமா? டாக்டர் பின் வாசல் வழியாக நழுவினார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஜீப் நின்றது. காலையிலேயே காற்றை இறக்கி வைத்திருந்த டயரில் குழாயை மாட்டி, பேட்டரியில் கவ்வ வைத்து, ஸ்விட்சைத் தட்டினார்.

அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது? பல் குடையும் மெஷினைச் சுவர் குடைய எடுத்துவந்த மாதிரி இருந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. உள்ளே இருந்தவர் என்னவோ ஏதோ என்று பதறி, பசை நிறைந்த வாயோடு "ஆ... ஆ..." என்று கூப்பிட்டார். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: டாக்டர் உள்ளே இருக்கிறார், மூடிய கதவுக்குப் பின்னால் பூமி அதிர்கிறது, ஒரு மனிதர் அலறுகிறார்.

மூன்றே நிமிஷத்தில் டயர் நிரம்பிவிட்டது. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, பசையை எடுத்து, முகம் வெளுத்திருந்தவரை அனுப்பிவிட்டு, "அடுத்தது யாரும்மா?" என்று கதவைத் திறந்தார். க்ளினிக் காத்து வாங்கிக்கொண்டிருந்தது. ஆறு டோக்கன்களும் மேஜையில் இருந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று வாசலில் கிடந்தது. வரவேற்பில் இருந்த பெண், கன்னம் வீங்கி வந்தவருக்கு வலி சுத்தமாகப் போய்விட்டதாம், சொல்லச் சொன்னார் என்றாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது டாக்டர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். கயிறு போதாதென்று இப்போது இது வேறு. ஞாயிற்றுக்கிழமையும் சொதப்பினால் க்ளினிக்கை மூடிவிட்டு மச்சான் கடையில் மெத்தை தூக்க வேண்டியதுதான். டீச்சரம்மா கிண்டல் எதுவும் செய்யவில்லை. மெஷின் இருபது நிமிஷம் ஓடினால் இருபது நிமிஷம் ஓய வேண்டும், மறக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மணலுக்கு முன்னால் டாக்டர் நாலு டயரிலும் பதினைந்து வரும்வரை காற்றைத் திறந்துவிட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், பழைய ஜீப் மணல்மேல் சாதுவாக நடந்து போனது. போன வருஷம் வயிறு வரைக்கும் புதைந்த அதே மேட்டை ஏறி இறங்கியது. மத்தியானம் தார் ரோட்டுக்கு வந்து நின்றபோது, கயிறு சுருட்டியது சுருட்டியபடியே பின் சீட்டில் கிடந்தது. டாக்டர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மற்றவர்கள் மூன்று பேரும் மச்சானின் கம்ப்ரெஸரை நம்பி வந்திருந்தார்கள். அழுத்த எண் பெரிசாக எழுதியிருக்கிறதே என்று பார்த்து, பழையதைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கியது. மச்சான் அதை லைட்டர் துளையில் சொருகினார். ஃப்யூஸ் போனது. கூட்டாளி ஜீப்பில் சொருகினார். அதுவும் போனது. மூன்றாவது ஜீப்காரர் துளையைக் கையால் மூடிக்கொண்டார். பெட்ரோல் பங்க் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. தொய்ந்த டயரோடு ஓட்டினால் டயர் கிழிந்துவிடும்.

மச்சான் வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"மாப்ள, உங்க மெஷினைக் கொஞ்சம்..."

ஒரு வருஷம் கழித்துக் கேட்ட 'மாப்ள'. கூடவே 'உங்க' வேறு. டாக்டர் பெருந்தன்மையாக மெஷினை எடுத்துக்கொண்டு போய் மச்சானின் முன் டயர் பக்கத்தில் உட்கார்ந்தார். கை தானாக வேலை செய்தது. டயரை இரண்டு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். வால்வு மூடியைத் திறந்தார். ஸ்விட்சைத் தட்டும் முன், இருபது வருஷப் பழக்கத்தில், டயரைப் பார்த்து மிகவும் கனிவாகச் சொன்னார்:

"ஒண்ணும் வலிக்காது. கொஞ்சம் சத்தமா இருக்கும், அவ்வளவுதான்."

மச்சான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கீழே உட்கார்ந்து சிரித்தார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷினை ஓயவிட்டு டாக்டர் எல்லா ஜீப்புக்கும் காற்றடித்து முடிக்கும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை. ஒவ்வொரு டயருக்கு முன்னாலும் மூன்று பேரும் சேர்ந்து "வலிக்காது" என்று குரல் கொடுத்தார்கள். மச்சான் சொன்ன சொல் தவறாதவர். பேரை அன்றைக்கே மாற்றிவிட்டார்.

டாக்டர் நொந்துபோய் வீட்டுக்கு வந்தார். மாப்ள என்கிற வார்த்தை ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லையே என்று அவருக்கு ஆறவில்லை. கதையைக் கேட்ட டீச்சரம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அண்ணனுக்கு ஃபோன் போட்டு, இந்தப் பெயரையும் கடைக்கு வருகிறவர்களிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார்.

பத்து நாளில் க்ளினிக்கில் உட்கார இடமில்லை. "வலிக்காது டாக்டர் இங்கதானே?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். ஒற்றைச் செருப்புக்காரர்கூட வந்து செருப்பையும் வாங்கிக்கொண்டு பல்லையும் காட்டிவிட்டுப் போனார். கயிற்றைத் தேடிய பெண்மணியும் வந்தார். இந்தத் தடவை மேஜைக்கு அடியில் பார்க்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்வதுபோல் "வலிக்காது, வலிக்காது" என்று முணுமுணுத்தார்.

அந்தப் பக்கம் திரும்பி ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த டாக்டர், "ம், சொல்லுங்கம்மா" என்றார்.