முட்டைக் கிண்ணம் அளவு

ஈனிட் ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தபோது முன்னறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"திருப்பினியா?"

"திருப்பிட்டுதான் இருக்கேன்."

"நல்லா திருப்பு. உனக்கு எப்பவும் ஒப்புக்கு ஆட்டி வைக்கிற புத்தி."

குரல் நேற்றைவிட மெலிந்திருந்தது; குத்தலில் மட்டும் குறைவில்லை. அவள் இன்னொரு தடவை கவிழ்த்தாள். ஜின் மதுவுக்குள் ஊறிக் கிடந்த, சிறு கரும்பிளம் போன்ற டாம்சன் பழங்கள் கண்ணாடியில் உரசிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கின. செப்டம்பரில் வேலியோரத்து மரங்களில் அவளே பறித்தவை. வாயில் போட்டால் முகம் கோணிப்போகும் அளவுக்குப் புளிப்பு. இப்போது ஜின் அவற்றின் நிறத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கருஞ்சிவப்பாக நின்றது.

அண்ணன் லான்டிக்கு மாடி ஏற முடியாமல் போனதும் கட்டிலை முன்னறைக்கு இறக்கியிருந்தார்கள். படுத்த இடத்திலிருந்து பார்த்தால் நடையின் ஜன்னல் திண்டும் அதில் இருக்கும் ஜாடியும் தெரியும். ஜாடி அங்கேதான் இருக்க வேண்டும். அம்மா காலத்து ஏற்பாடு அது. வீட்டுக்குள் வருகிறவர், போகிறவர் யாராக இருந்தாலும் அதைத் தாண்டும்போது ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்தாமல் போகக் கூடாது. கரி மூட்டை கொண்டுவருகிறவர் திருப்புவார், தபால்காரர் திருப்புவார். வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொடாத மெதடிஸ்ட் போதகர்கூட, வேறெங்கோ பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு திருப்பிவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவார்.

அம்மாவின் இன்னொரு ஏற்பாடு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை தக்கையை எடுக்கக் கூடாது. எடுத்ததும் வீட்டில் பன்னிரண்டு வயது ஆனவர்களுக்கெல்லாம், அவித்த முட்டையை நிறுத்தி வைக்கிற முட்டைக் கிண்ணத்தில் ஒரு கிண்ணம் அளவு. லான்டிக்கு அப்படி நான்கைந்து கிறிஸ்துமஸ் கிடைத்தது. ஈனிட்டுக்குப் பதினொரு வயதாகும்போது, நவம்பரில், அம்மா போய்விட்டாள். அந்த வருஷத்து ஜாடி ஜன்னலிலிருந்து எப்போது காணாமல் போனது, அப்பா அதை என்ன செய்தார் என்று கேட்கும் தைரியம் இரண்டு பேருக்குமே வரவில்லை.

அதற்கப்புறம் ஈனிட் எத்தனையோ வீடுகளில் டாம்சன் ஜின் குடித்துவிட்டாள். இந்தப் பள்ளத்தாக்கில் அது இல்லாத வீடு ஏது? நல்லதாகவும் இருந்தது, இருமல் மருந்து மாதிரியும் இருந்தது. ஒவ்வொரு தடவையும், அம்மாவுடையது இப்படித்தான் இருந்திருக்குமா என்ற கேள்வியோடுதான் விழுங்கினாள். பதில் தெரிந்தவன் ஒருவன்தான்.

இனி வைத்தியத்தால் பலனில்லையென்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி வைத்த வாரம் லான்டி தானாகவே சொன்னான், "பழம் பழுத்திருக்கு. இந்த வருஷம் அம்மாவோடத போட்டுப் பாப்போமா?"

சமையலறை நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அவன் அதிகாரம் பண்ணின அழகைப் பார்க்க வேண்டும். கம்பளி தைக்கிற ஊசியால் ஒவ்வொரு பழத்தையும் குத்தணும். முள்கரண்டியால் குத்தினால் பிய்ந்துபோகும். கொஞ்சம் கொட்டையை உடைத்துப் போடணும். சர்க்கரை எவ்வளவு என்றதும் முழித்தான்.

"கையாலதான் அள்ளிப் போடுவாங்க."

"எத்தனை கை?"

"எட்டு. ஆனா அம்மா கை சின்னது." பிறகு, "உன் கையக் காட்டு" என்றான். நீட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதேதான். போடு."

அன்று ராத்திரி ஈனிட் படுக்கையில் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை உதிரும் வரை என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். இலையெல்லாம் உதிர்ந்து மழையில் மக்கியும் போயிற்று. லான்டி இருந்தான். நவம்பர் பிறந்ததிலிருந்து நச்சரிக்க ஆரம்பித்தான்.

"கொஞ்சம் திறயேன், பாப்போம்."

"இன்னும் ஆகல."

"ஒரு சொட்டு."

"கிறிஸ்துமஸுக்குத்தான். சட்டம் போட்டது உன் அம்மா."

"நீ பெரிய வாத்தியாரம்மா."

அவன் எதற்காகக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மறுத்தாள். இன்றைக்குத் தக்கையை எடுத்தால், கிறிஸ்துமஸுக்கு இவன் இருக்க மாட்டான் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. எடுக்காமலே அவன் போய்விட்டாலோ, அது அம்மாவுடையதுதானா என்று சொல்ல உலகத்தில் ஆளே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை ஜாடியைத் திருப்பினாள்.

"நல்லா திருப்பு" என்று அவன் குத்திய அன்றே, காலைத் தேநீர் வேளையில் நர்ஸ் ஜோஸி வந்தாள். நடையில் ஈரக் கோட்டைக் கழற்றினாள், ஜாடியைத் திருப்பினாள், உள்ளே போனாள். லான்டியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், மூச்சைக் கவனித்தாள். பிறகு ஈனிட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனிமே விழுங்கறது கஷ்டம், ஈனிட். கப்பை வாயில வைக்காதீங்க. இந்தக் குச்சி நுனியில பஞ்சு இருக்கு பாருங்க, இதை நனைச்சு உதட்டுலயும் நாக்குலயும் ஒத்துங்க. தண்ணிதான்னு இல்ல, அவருக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் சரி. போன மாசம் ஒருத்தருக்கு அவர் பொண்ணு பீர்ல நனைச்சு வச்சா."

கண் மூடியிருந்த லான்டி உதட்டை மட்டும் அசைத்தான். "கேட்டியா?"

ஜோஸி போனபின் ஈனிட் நெடுநேரம் நடையில் நின்றாள். பிறகு அலமாரியிலிருந்து நீல முட்டைக் கிண்ணத்தை எடுத்தாள். விளிம்பு உடைந்த அந்தக் கிண்ணத்தைப் பல வருஷமாகத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தான் லான்டி, கஞ்சப் பிரபு. ஜாடியை அணைத்துத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தாள். தக்கை சுலபத்தில் வரவில்லை. வந்ததும் அறை முழுக்க வாசனை எழுந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; வாசனைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிப் பஞ்சை நனைத்து அவன் வாயில் வைத்தாள். சப்பமாட்டான் என்று நினைத்தாள். சப்பினான், குழந்தை மாதிரி விடாப்பிடியாக. புருவம் சுருங்கியது, தாடை மெதுவாக அசைந்தது. ஈனிட் குனிந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"அம்மாவோடதா, லான்டி?"

அவன் கண்ணைத் திறந்தான். அவளை நேராகப் பார்த்தான். அன்றைக்கு அதுவரை அவ்வளவு தெளிவாக அவன் எதையும் பார்த்திருக்கவில்லை.

"இன்னும் ஆகல."

"என்ன குறையுது? சர்க்கரையா? கொட்டையா?"

"ஒண்ணும் குறையல. அதேதான்." மூச்சு வாங்கிக்கொண்டான். "நாள்தான் பத்தல. கிறிஸ்துமஸுக்கு ஆயிடும்."

அவள் சொல்லிச் சொல்லி ஏய்த்த வார்த்தையையே எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் கிண்ணத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். அடியில் இரண்டு சொட்டு மிச்சமிருந்தது.

"ஏய். கீழ வை."

"ஒரே ஒரு சொட்டுடா."

"உனக்குப் பன்னெண்டு வயசு ஆகட்டும்."

அறுபத்தெட்டு வயது ஈனிட் சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், கிண்ணத்தில் இருந்ததை ஜாடியிலேயே ஊற்றித் தக்கையை அழுத்தி மூடினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. எதிர்மேட்டிலிருந்து யாரோ ஆடுகளை இறக்கிக்கொண்டுபோகும் சத்தம் கேட்ட நேரத்தில், அவள் கைக்குள் இருந்த அவன் கை வேறு மாதிரி ஆகிவிட்டது.

அவள் முதலில் ஜாடியை எடுத்துப்போய் ஜன்னலில் வைத்தாள். அதன்பிறகுதான் போன் செய்தாள்.

இருட்டுகிற நேரத்துக்கு டைசனும் அவர் மருமகனும் கறுப்புக் கோட்டில் வந்தார்கள். சவ அடக்கம் பார்க்கிற டைசன், இந்த வீட்டுக்குக் கரி போட்டவரின் மகன்.

"வருத்தமா இருக்கு, ஈனிட்" என்றார். "நல்ல ஆள். வாய்தான் கொஞ்சம் நீளம்."

"கொஞ்சமா?" என்றாள் அவள்.

அவர்கள் லான்டியைத் துணி மூடிச் சுமந்துகொண்டு நடை வழியாகப் போனார்கள். நடை குறுகல். ஜன்னலருகே டைசன் ஒரு கணம் தயங்கினார். இரண்டு கையிலும் பாரம். அப்படியே வெளியே போனார். வண்டிக்கதவு மூடும் சத்தம் கேட்டது. ஈனிட் வாசல் கதவைச் சாத்தப்போனபோது, தலைமுடியில் மழையோடு டைசன் திரும்பி வந்தார்.

கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தார். ஜாடியை எடுத்துக் கவிழ்த்தார், பழங்கள் இறங்கும் வரை பிடித்திருந்தார், நிமிர்த்தினார். பிறகு மறுபடி ஒரு தடவை கவிழ்த்தார். இரண்டாவது யாருக்கென்று அவள் கேட்கவில்லை.

அவர் போனபின்னும் உள்ளே பழங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ஈனிட் முட்டைக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.