மருதாணிச் சிவப்பு

குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதிலிருந்து கரியாலூரில் யாரும் ஷாலினியை வளைகாப்புக்குக் கூப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டுக் கோகிலவாணியின் வளைகாப்புக்கும் கூப்பிடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், மனையில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி உள்ளங்கையை விடாமல் சொறிவதைப் பார்த்ததும் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நேராக உள்ளே போனாள்.

"கோகிலா, காலும் அரிக்குதா?"

"ஆமாக்கா. ராவானா ஜாஸ்தி."

"சூடுதான். மருதாணி வெச்சிருக்கோம். உன்ன யாரு இங்க கூப்ட்டது?" என்று சீறினாள் கோகிலவாணியின் மாமியார் தைலம்மாள்.

ஷாலினி நகரவில்லை. "ஈரல் கோளாறா இருக்கும் அத்த. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயி ரத்தம் எடுத்துப் பாருங்க. டாக்டரு எனக்கு எல்லாம் முடிஞ்சப்புறந்தான் சொன்னாரு. எனக்கும் சூடுன்னு மருதாணிதான் வெச்சாங்க. அந்தச் செவப்பு போறதுக்குள்ள கொழந்த போயிடுச்சி."