ஐந்து ஐம்பது பேருந்து

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது, சொன்னவன் நான். “இந்தப் பேருந்து நேரத் தளத்துக்கு மாதம் ஒரு தேநீர்க் காசு தருவீர்களா?” என்று திரையில் கேட்டிருந்தது. ‘தருவேன்’ என்று அழுத்தினேன். பத்துக்கு ஒன்பது பேர் அழுத்தியிருந்தோம்.

2

பதினொரு வருடம் அதை இலவசமாக நடத்தியவர் பேருந்து நிலையத்தில் நேரம் குறித்து ஓய்வுபெற்ற டைம்கீப்பர். வெயிலிலும் மழையிலும் நிறுத்தம் நிறுத்தமாக நின்று... (அடித்துவிடுகிறேன். இப்படிப் போனால் தியாகி ஆகிவிடுவார். மனிதர் சிடுமூஞ்சி.)

எங்கள் வாக்கை நம்பி, காசு கட்டினால்தான் திறக்கும்படி தளத்துக்குப் பூட்டுப் போட்டார். ஏழு பேர் பணம் கட்டினார்கள். அதில் ஒருவன் திருடன். அத்தனை நேரங்களையும் வாரிக்கொண்டு போய்த் தன் செயலியில் இலவசமாகக் கொடுத்தான். நானும் அங்கே போய்விட்டேன்.

திருட்டை நிரூபிக்க டைம்கீப்பர் ஒரு பொறி வைத்தார்: தன் பட்டியலில் காலை ஐந்து ஐம்பதுக்கு, இல்லாத ஒரு பேருந்து. தன் தங்கை வீட்டு நிறுத்தத்தையே தேர்ந்தெடுத்தார். அந்நேரத்தில் அங்கே ஈ காக்கை ஏறாது; தங்கையோ எட்டு மணிக்கு முன் எழமாட்டாள். மற்ற ஆறு பேருக்கும் எழுதி எச்சரித்தார்.

மறுநாளே பொய், செயலியில் ஏறிவிட்டது. அவர் அன்று சிரித்தார் என்று... (தெரியாது. சிரித்திருக்கக் கூடாது என்று ஆசைப்படுகிறேன்.)

3

இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, அஞ்சு அம்பது பஸ் வரவே இல்ல.”

“எதுல பாத்த?”

“போன்லதான்.”

“என்னோடதுலயா?”

“உன்னோடதுக்குக் காசு கேக்குறியே! கூடப் பொறந்தவகிட்டயே வியாபாரமா? இது சும்மா கெடைக்குது.”

“அது என் பஸ்ஸு.”

“உன் பஸ்ஸுன்னா வரணுமில்ல?”

தங்கை விடவில்லை.

“ஸ்கேனுக்கு மொத ஆளா வரச் சொன்னாங்கண்ணா. விட்டாச்சு. இனிமே மூணு வாரமாம். கழுத்துல இருக்கறது அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?”

(அடுத்து அவர் சொன்னதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஒன்றும் சொல்லவில்லை என்பதே சரி.)

4

அன்றே தன் தளத்தில் அந்த வரியை நீக்கினார். செயலியில் அது அப்படியே இருந்தது. திருடன் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. வேண்டியதை எடுத்தாயிற்று, அவனுக்கெதற்கு? மூன்று கடிதம் எழுதினார். பதிலில்லை.

இனி ஒரே வழி. பூட்டைத் திறக்க வேண்டும். சும்மா கிடைத்தால் அவனும் வருவான், திருத்தத்தையும் திருடிப்போவான். உண்மை ஊரைச் சேர வேறு வாகனம் இல்லை. ஆனால் திறந்தால், பதினொரு வருட உழைப்பு காலணாவுக்கும் ஆகாது என்று அவரே கையெழுத்துப் போட்டதாகும்.

5

முடிவு அ: திறக்கிறார்.

முடிவு ஆ: திறக்கவில்லை. தினமும் ஐந்து ஐம்பதுக்கு அந்த நிறுத்தத்தில் நின்று, வருபவர்களிடம், “வராது, போங்க” என்று...

இரண்டையும் நான் முடிக்கப்போவதில்லை. அவர் திறந்தால் எனக்கு லாபம். லாபம் உள்ளவன் தீர்ப்பு எழுதக் கூடாது. பூட்டின்மேல் அவர் விரல் இருக்கிறது. தங்கையின் ஸ்கேனுக்கு இன்னும் பதினாறு நாள்.

நாளை விடிகாலை நானும் பேருந்து பிடிக்க வேண்டும். நேரத்தை எதில் பார்ப்பேன் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியும்.